மத்தியாஸ் போ: டென்மார்க்கின் ‘டபுள்ஸ்’ ரகசியம் என்ன? நெட்டுக்குப்பம் பிள்ளைகளுக்கு அது எட்டுமா?

உலக பேட்மின்டன் சாம்பியன்ஷிப் 17 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்கு வருகிறது. 2009-ல் ஹைதராபாத்தில் நடந்தது. இந்த முறை 2026 ஆகஸ்டில், டெல்லியில். சொந்த மண்ணில் பதக்கம் வருமா என்று கேட்டால் ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று, தனி ஒரு வீரருடையது இல்லை. அது ஒரு ஜோடியின் பெயர்: சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, சிராக் ஷெட்டி.

பத்து வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு பதில் வந்திருக்காது. பேட்மின்டனில் இந்தியா வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்கள் மொத்தம் மூன்று. 2012-ல் சாய்னா நேவால் வெண்கலம், 2016-ல் பி.வி.சிந்து வெள்ளி, டோக்கியோவில் மறுபடி சிந்து வெண்கலம். மூன்றுமே ஒற்றையர். ‘டபுள்ஸ்’ என்றால் ஒற்றையரில் தேறாதவர்கள் ஆடுவது என்ற நினைப்பு நம் ஊரில் ரொம்ப நாள் இருந்தது. இன்னும் சில பயிற்சி மையங்களில் இருக்கிறது.

அந்த நினைப்பை உடைத்ததில் ஒரு டென்மார்க்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் மத்தியாஸ் போ. தமிழ் ரசிகர்களில் பாதிப் பேருக்கு அவரை ‘நடிகை டாப்ஸியின் கணவர்’ என்றுதான் தெரியும். ‘ஆடுகளம்’ வெளியான அதே 2011-ல்தான் போ முதல்முறையாக ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்த மத்தியாஸ் போ? அவருடைய நாடு தலைமுறை தலைமுறையாக இரட்டையர் ஆட்டக்காரர்களை எப்படி உருவாக்குகிறது? எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் கடற்கரை மணலில் ஷட்டில் தட்டும் ஒரு பிள்ளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

இடது கைக்காரரும் வலது கைக்காரரும்

போ பிறந்தது 1980 ஜூலை 11, டென்மார்க்கின் ஃபிரெடெரிக்சுண்ட் நகரத்தில். இடது கை ஆட்டக்காரர். அவருடைய நீண்டகால ஜோடி கார்ஸ்டன் மொகென்சன், வலது கை. பின்வரிசையில் நின்று மொகென்சன் ஸ்மாஷ் அடிப்பார். எதிராளி தடுமாறித் திருப்பி அனுப்பும் ஷட்டிலை, வலைக்குப் பக்கத்தில் காத்திருக்கும் போ கொல்வார். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் எதிராளி எங்கே திருப்புவார் என்று முன்கூட்டியே ஊகித்து அங்கே போய் நிற்பதுதான் போவின் வித்தை. ஸ்மாஷ் அடித்தவருக்குக் கைத்தட்டல் கிடைக்கும். அந்த ஸ்மாஷ் அடிக்கிற மாதிரி ஷட்டிலை மேலே எழும்ப வைத்தவரை டி.வி.யில் பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை.

2010 நவம்பரில் இந்த ஜோடி உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. 2011-லும் 2015-லும் ஆல் இங்கிலாந்து பட்டம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி. இறுதிப் போட்டியில் சீனாவின் சாய் யுன், ஃபு ஹைஃபெங் ஜோடியிடம் 16-21, 15-21 என்று தோற்றார்கள். 2013 உலக சாம்பியன்ஷிப்பிலும் வெள்ளி. இரண்டாவது முறை ஆல் இங்கிலாந்து வென்றபோது இறுதிப் போட்டியில் எதிர்ப்பக்கம் நின்றவர்களில் ஒருவர் அதே ஃபு ஹைஃபெங். போவுக்கு அப்போது 34 வயது.

2016 தொடக்கத்தில் மொகென்சனுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஆட்டமே முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் இருவரும் ஜோடியாகவே களமிறங்கினார்கள். லீக் சுற்றோடு வெளியேறியது வேறு விஷயம். ஒருவர் விழுந்தால் இன்னொருவருக்கும் அந்த ஆண்டு போய்விடும் என்பது இரட்டையர் ஆட்டத்தின் கொடுமை. 2020 ஏப்ரலில், 39 வயதில், போ ஓய்வு பெற்றார். 2021-ல் இந்திய இரட்டையர் பயிற்சியாளராக வந்தார்.

இந்தியாவுக்கு அவர் என்ன செய்தார்?

நியாயமாகப் பார்த்தால் கதை போவிடமிருந்து தொடங்கவில்லை. ஆந்திராவின் அமலாபுரத்துப் பையன் சாத்விக்கையும் மும்பைப் பையன் சிராக்கையும் ஜோடி சேர்த்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். 2015-ல் இந்தியாவுக்கு வந்தவர் அவர். இரண்டு பேருமே உயரம், இரண்டு பேருமே பின்வரிசையில் நின்று அடிக்கிறவர்கள். ‘ரெண்டு பேரும் பின்னாடி நின்னா முன்னாடி யார் நிற்பது?’ என்று யாருக்கும் தோன்றும். சிராக் முன்வரிசை ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த முன்வரிசை ஆட்டத்தில் உலகத்தின் சிறந்த மூளைகளில் ஒன்று பயிற்சியாளராக வந்தால் என்ன ஆகும்? 2022 காமன்வெல்த் தங்கம், அதே ஆண்டு உலக சாம்பியன்ஷிப் வெண்கலம். 2023-ல் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். அந்தப் போட்டியில் 1965-ல் தினேஷ் கன்னா வென்றதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பிறகு இந்தோனேசியா ஓபன், ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கம், உலகத் தரவரிசையில் முதலிடம். இதெல்லாம் ஒரே ஆண்டில்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் மட்டும் கதை மாறியது. 2024 ஆகஸ்ட் 1. காலிறுதி. மலேசியாவின் ஆரோன் சியா, சோ வூய் யிக் ஜோடிக்கு எதிராக முதல் செட்டை 21-13 என்று எடுத்துவிட்டு அடுத்த இரண்டையும் விட்டார்கள். மறுநாளே போ பயிற்சியாளர் வேலையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2025-ல் டான் கிம் ஹெர் திரும்பி வந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அதே பாரிஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப் காலிறுதியில், அதே மலேசிய ஜோடியைத் தோற்கடித்து சாத்விக்-சிராக் வெண்கலத்தை உறுதி செய்தார்கள். பழைய கணக்கு ஓரளவு தீர்ந்தது.

இது வரைக்கும் நடந்தது ஒரு ஜோடியின் கதை. இந்தக் கட்டுரைக்கு முக்கியமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. சாத்விக்-சிராக்குக்குப் பின்னால் யார்? டென்மார்க்கில் போ போனால் கிம் ஆஸ்ட்ரப், ஆண்டர்ஸ் ஸ்காரப் ராஸ்முசன் வருகிறார்கள். 2023 உலக சாம்பியன்ஷிப் காலிறுதியில் சாத்விக்-சிராக்கை வெளியேற்றியது அந்த ஜோடிதான். போவுக்கு முன்னால் 2003-ல் உலக சாம்பியனான லார்ஸ் பாஸ்கே, யோனாஸ் ராஸ்முசன் இருந்தார்கள். வரிசை அறுபடவே இல்லை.

60 லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு எப்படி முடிகிறது?

டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். சென்னைப் பெருநகரத்தில் அதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள். மரபணு, உயரம், உணவு என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் உருப்படியான காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஊருக்கு ஒரு ஹால், ஹாலுக்கு ஒரு கிளப்.

உலக பேட்மின்டன் கூட்டமைப்பு 1934-ல் தொடங்கப்பட்டபோது இருந்த ஒன்பது நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. குளிரும் இருட்டும் நிறைந்த நாடு என்பதால் மாலையில் பிள்ளைகள் கூடுவதற்குக் கூரைக்குக் கீழே ஒரு இடம் வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் பிள்ளைகள், இளைஞர்கள் சேர்ந்த கிளப்புகளுக்கு ஹால் தர வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஹால் மாலையில் கிளப்பின் ஹாலாகிவிடும். பெற்றோர்கள்தான் பெரும்பாலும் தன்னார்வப் பயிற்சியாளர்கள். பத்து வயதுப் பிள்ளையும் ஐம்பது வயது அப்பாவும் ஒரே கோர்ட்டில் நான்கு பேராக ஆடுவார்கள்.

இந்த ‘நான்கு பேர்’ என்பதைக் கவனியுங்கள். கோர்ட் குறைவு, ஆள் அதிகம் என்றால் யாரும் இரண்டு பேருக்கு ஒரு கோர்ட் தர மாட்டார்கள். நான்கு பேர்தான். அதனால் கிளப் பிள்ளைக்கு முதலில் பழகுவது டபுள்ஸ். கிளப்புகளுக்கு இடையே நடக்கும் லீகிலும் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் கூட்டித்தான் அணியின் வெற்றி. ஆகவே இரட்டையர் ஆட்டக்காரருக்கு அணியில் இடமும் உண்டு, மரியாதையும் உண்டு. அங்கிருந்துதான் புதுப்புது யோசனைகளும் வருகின்றன. 2023-ல் ஷட்டிலை விரலால் சுழற்றிவிட்டு சர்வீஸ் போட்டு எதிராளிகளைத் திணறடித்தவர் டென்மார்க்கின் இரட்டையர் ஆட்டக்காரர் மார்கஸ் ரிண்ட்ஷாய். யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை என்றதும் உலகக் கூட்டமைப்பு அந்த சர்வீஸையே தடை செய்துவிட்டது!

இந்தியாவில் நடப்பது இதற்கு நேர் எதிர். இங்கே சாம்பியன்களை உருவாக்குவது பெரும்பாலும் குடும்பம். சாய்னாவுக்காக அவருடைய அப்பா வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்தார். புல்லேலா கோபிசந்த் அகாடமி கட்ட வீட்டை அடமானம் வைத்தார். ஒரு வீடு, ஒரு பிள்ளை, ஒரு பயிற்சியாளர் என்று உயிரைக் கொடுத்தால் ஒரு ஒற்றையர் சாம்பியனை உருவாக்கலாம். டபுள்ஸ் அப்படி வராது. உங்கள் பிள்ளைக்கு ஜோடி வேண்டும். அந்த ஜோடிக்குப் பயிற்சி எடுக்க எதிரே இன்னொரு ஜோடி வேண்டும். ஒருவர் வளர்ந்து இன்னொருவர் தேங்கினால் மாற்றிப் போட ஐந்தாவது, ஆறாவது ஆள் வேண்டும். இதை எந்த அப்பாவும் வைப்பு நிதியிலிருந்து வாங்க முடியாது.

பரிசுப் பணமும் கை கொடுப்பதில்லை. மொத்தம் 12.5 லட்சம் டாலர் பரிசு கொண்ட போட்டியில் ஒற்றையர் சாம்பியனுக்கு 87,500 டாலர். இரட்டையர் சாம்பியன்களுக்கு 92,500 டாலர். அது இரண்டு பேருக்கும் சேர்த்து. பிரித்தால் ஆளுக்கு 46,250. அதே பட்டம், ஏறக்குறைய பாதிப் பணம். பயிற்சியாளர், விமானம், பிசியோ செலவு மட்டும் பாதியாவதில்லை. தன் காசில் ஆட வேண்டிய நிலைமையில் இருக்கும் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

சும்மா இல்லை. தமிழ்நாட்டின் ஹரிஹரன் அம்சகருணன், கேரளாவின் எம்.ஆர்.அர்ஜுனுடன் சேர்ந்து 2025 அக்டோபரில் அல் ஐன் மாஸ்டர்ஸ் இரட்டையர் பட்டத்தை வென்றார். சாத்விக்-சிராக் அளவுக்கு அந்தச் செய்தி ஓடவில்லை, அவ்வளவுதான். பாரா பேட்மின்டனில் தமிழ்நாடு இன்னும் மேலே. பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். மனிஷா வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தோற்கடித்தது டென்மார்க் வீராங்கனை கேத்ரின் ரோசன்கிரேனை. ஒலிம்பிக் வரலாற்றில் இந்தியா பேட்மின்டனில் வாங்கியதே மூன்று பதக்கம் என்று மேலே பார்த்தோம். இந்த மூன்று தமிழ்ப் பெண்கள் ஒரே பாராலிம்பிக்கில் மூன்று வாங்கிவிட்டார்கள். இதைத் தமிழ்நாடே இன்னும் சரியாக உள்வாங்கவில்லை.

ஆட்டமும் நமக்குப் புதுசில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டி அறிவிப்புகளில் ‘இறகுப்பந்து’ ஒன்று, ‘பூப்பந்து’ ஒன்று என இரண்டு பெயர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றில்லை. பூப்பந்து என்பது கம்பளி நூல் பந்தை மட்டையால் அடிக்கும் ஆட்டம். தஞ்சாவூரில் வேர்விட்டது என்பார்கள். அணிக்கு ஐந்து பேர். திறந்தவெளியில் ஆடலாம், ஏனென்றால் கம்பளிப் பந்து காற்றில் அவ்வளவு சுலபமாக அலையாது. ஷட்டில் அப்படி இல்லை. 16 இறகுகள், எடை 5 கிராம் சொச்சம். லேசான காற்று போதும், இங்கே அடித்தால் எங்கோ போகும். ஹால் இல்லாமல் பேட்மின்டன் இல்லை என்பதற்குக் காரணம் இந்த 5 கிராம்தான்.

நெட்டுக்குப்பம் ஏன் இந்தக் கதைக்குள் வருகிறது?

வட சென்னையில் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ ஊர்களில் ஒன்று நெட்டுக்குப்பம். சுற்றிலும் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், ஆலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது படகும் வலையும் கறுத்துப்போன ஊர்களில் இதுவும் ஒன்று. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழும்பிவிடும். அங்கே ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு ஷட்டில் மேல் ஆசை என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் ஷட்டிலை மணலில் தட்டலாம். அதற்கு மேல் போக வேண்டும் என்றால்?

சென்னையில் தனியார் கோர்ட் வாடகை மணிக்குச் சில நூறு ரூபாய். ஒரு டஜன் இறகு ஷட்டில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். நன்றாக ஆடுகிறவர்கள் ஒரு மாலையில் மூன்று, நான்கைக் கிழித்துவிடுவார்கள். கடலுக்குப் போன நாளில் வருமானம், போகாத நாளில் இல்லை என்றிருக்கும் வீட்டுக்கு இது மாதாமாதம் கட்டக்கூடிய தொகை இல்லை. ஒரு பிள்ளைக்கே கட்டாது என்னும்போது நான்கு பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஆட்டம் என்றால் சுத்தமாகக் கட்டாது.

சரி, ஏழை ஊர், வசதி இல்லை, அதனால் சாம்பியன் இல்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. ஏனென்றால் இதே வட சென்னை உலக சாம்பியன்களை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. வேறொரு ஆட்டத்தில்.

கேரம் போர்டு சொல்லும் சாட்சி

வியாசர்பாடியிலிருந்து இளவழகி, 2008-ல் கேரம் உலக சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று தங்கம். தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த அடுத்த உலகக் கோப்பையில் காசிமேடு கீர்த்தனா மறுபடி மூன்று தங்கம். அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பை, இரண்டிலும் சில கிலோமீட்டர் இடைவெளியில் வசிக்கும் இரண்டு பெண்கள்.

இது தற்செயலா? இல்லை. வட சென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் மன்றம். ஒரு போர்டு, மேலே தொங்கும் ஒரு பல்பு, நான்கு பக்கமும் நான்கு பேர், பின்னால் தன் முறைக்குக் காத்திருக்கும் பத்துப் பேர். சின்னப் பையன் பெரியவர்களோடு உட்கார்ந்து ஆடுவான். தோற்றால் எழுந்து நிற்க வேண்டும், ஜெயித்தால் உட்கார்ந்தே இருக்கலாம். நன்றாக ஆடும் பிள்ளையை மன்றத்து அண்ணன்களே போட்டிக்குக் கூட்டிப் போவார்கள். யாரும் மணிக்கு வாடகை கேட்பதில்லை.

டென்மார்க்காரர் ‘கிளப்’ என்று சொல்வதும் வட சென்னைக்காரர் ‘மன்றம்’ என்று சொல்வதும் கிட்டத்தட்ட ஒரே விஷயம். குடும்பம் தனியாகச் சுமக்காத, ஊர் சேர்ந்து சுமக்கும் ஆட்டம். வியாசர்பாடியின் கால்பந்து, ராயபுரம் பக்கத்துக் குத்துச்சண்டை எல்லாம் இதே வழியில் வளர்ந்தவைதான். ஆக, போவை உருவாக்கிய சமூகப் பழக்கம் எண்ணூர் பக்கத்தில் இல்லாமல் இல்லை. கேரமுக்கும் பேட்மின்டனுக்கும் வித்தியாசம், தேவைப்படும் இடத்தின் அளவு. கேரம் போர்டை ஒரு திண்ணையில் போட்டுவிடலாம். பேட்மின்டன் கோர்ட்டுக்கு 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம் வேண்டும். அதற்கு மேல் தூண் இல்லாத கூரையும் வேண்டும். பெரிய சர்வதேசப் போட்டி என்றால் 12 மீட்டர் உயரம். பயிற்சிக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், கல்யாண மண்டபத்து உயரத்தில் ஷட்டிலைத் தூக்கி அடித்தால் மின்விசிறியில்தான் போய் மாட்டும்.

ஹாலை யார் கட்டுவது?

இங்கேதான் விஷயம் விளையாட்டுப் பக்கத்திலிருந்து அரசியல் பக்கத்துக்குப் போகிறது.

முதல் வழி அரசு. வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023-24 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டு, பிறகு அதைவிடப் பல மடங்கு பெரிதானது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற அரசின் திட்டமும் இருக்கிறது. திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தொகுதிக்கு ஒன்று என்பது விளையாட்டு வீரருக்குப் போதும். பத்து வயதுப் பிள்ளைக்குப் போதாது. அந்த வயதில் பஸ் ஏறிப் போய்த் தினமும் ஆடுவது நடக்காது, பெண் பிள்ளை என்றால் வீட்டில் விடவே மாட்டார்கள். டென்மார்க் முறை வேலை செய்வதற்குக் காரணம் ஹாலின் பிரம்மாண்டம் இல்லை. சைக்கிளில் போய்ச் சேரும் தூரத்தில் அது இருப்பதுதான்.

இரண்டாவது வழி, சுற்றியுள்ள தொழிற்சாலைகள். 2013 நிறுவனச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடும் நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட செலவுகளின் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பட்டையில் இந்த அளவுகோலுக்குள் வரும் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. பொதுவாக இந்தப் பணத்தில் விளையாட்டு என்றால் சீருடையும் மட்டையும் கொடுத்து ஒரு போட்டோ எடுப்பதோடு முடிந்துவிடும். மட்டை ஒரு வருடத்தில் உடையும். தினமும் மாலையில் வரும் ஒரு பயிற்சியாளரின் சம்பளம், மாதம் இத்தனை டஜன் ஷட்டில் என்று ஐந்து வருடத்துக்கு எழுதிக்கொடுப்பதுதான் உண்மையில் உதவும். அது போட்டோவில் விழாது என்பதுதான் சிக்கல்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, செலவும் குறைவு. புதிதாகக் கட்டும் பள்ளிக் கட்டடங்கள், சமுதாய நலக்கூடங்கள், புயல் பாதுகாப்பு மையங்கள் ஆகியவற்றில் ஒன்றையாவது உயரமான கூரையோடு, நடுவில் தூண் இல்லாமல் கட்டுவது. புயலுக்கு வருடத்தில் சில நாட்கள், மீதி நாள் மாலையில் ஷட்டில். கடற்கரை ஊரில் உப்புக் காற்றுக்குத் தகரக் கூரை சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகவே பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை

உலக சாம்பியன்ஷிப்புக்கு ஒத்திகை மாதிரி கடந்த ஜனவரியில் டெல்லியில் நடந்த இந்தியா ஓபனை நினைவிருக்கலாம். டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆண்டன்சன் காற்று மாசைக் காரணம் காட்டிப் போட்டியிலிருந்து விலகினார். அதற்காக 5,000 டாலர் அபராதமும் கட்டினார். இன்னொரு டென்மார்க் வீராங்கனை மியா பிளிக்ஃபெல்ட் அரங்கத்தின் சுகாதாரத்தைக் கடுமையாக விமர்சித்தார். பறவை எச்சம் கோர்ட்டில் விழுந்து ஆட்டம் நின்ற சம்பவமும் நடந்தது. ‘வெள்ளைக்காரங்களுக்கு எல்லாத்திலும் குறை’ என்று இணையத்தில் சிலர் கிண்டலடித்தார்கள்.

ஆனால் ஆண்டன்சன் சொன்னது உடலியல் தெரிந்த யாரும் சொல்வதுதான். பேட்மின்டன் ஆடும்போது, சும்மா இருக்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை நுரையீரல் இழுக்கும். அனல்மின் நிலையங்களுக்கும் நிலக்கரி கையாளும் துறைமுகத்துக்கும் நடுவே ஹால் கட்டுகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். ஜன்னலை மூடினால் ஷட்டில் நேராகப் போகும், வெக்கை தாங்காது. திறந்தால் கடல் காற்றும் தூசியும் சேர்ந்து வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்து மக்கள் மூச்சுத்திணறி ஓடிய ஊர் இது. இங்கே ஹாலுக்கான வரைபடத்தில் காற்று வடிகட்டியும் ஒரு செலவுக் கணக்கு.

ஹால் வந்தால் போதுமா?

போதாது. டென்மார்க்கில் ஹாலைப் போலவே முக்கியமான இன்னொரு விஷயம், அந்த ஹாலின் நேர அட்டவணை. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்று கிளப்பும் உள்ளாட்சியும் உட்கார்ந்து முடிவு செய்துவிடும். பிள்ளைகளின் நேரத்தைப் பணம் கட்டும் பெரியவர்களுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நம் ஊரில் உள்விளையாட்டரங்கம் திறந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் மாதம் பிள்ளைகள் வருவார்கள். பிறகு மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, அதாவது பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே நேரம், மாதக் கட்டணம் கட்டும் பெரியவர்களுக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது மத்தியானம் மூன்று மணி வெயில்.

மீனவ ஊருக்கு இதில் தனிக் கணக்கும் உண்டு. விடியற்காலையில் படகு கரைக்கு வரும் நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும். ‘காலை ஐந்து மணிக்குப் பயிற்சி’ என்று நகரத்து அகாடமி பாணியில் போட்டால் நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வர மாட்டார்கள். அந்த ஊர் மன்றத்துக்காரர்களிடம் கேட்டால், எந்த நேரம் வைக்கலாம், சாவி யாரிடம் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளை யார் கூட்டி வந்து கொண்டுபோய் விடுவது என்று ஒரே மாலையில் பேசி முடித்துவிடுவார்கள். கேரமுக்கு அதைத்தான் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.